கட்டியைச் சுற்றி நிற்பவர்கள்

(நமது சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், முன்னாள் மாணவரும் நோய்க்குறியியல் மருத்துவருமான நம் நண்பர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் என்னிடம், "டாக்டர், நீங்க சாப்பாட்டுக்கு முன்னால பேசறீங்களா, பின்னால பேசறீங்களா?" என்று கேட்டார். "என் தலைப்பு புற்றுநோய், சார். முன்னாலேயே பேசிடறேன். அப்புறம் பாயசம் சாப்பிட்டா மனசு சரியாயிடும்" என்றேன். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். பசி வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் இந்தக் கல்லூரியில் படித்தது ஒரே ஒரு வருடம். 1976-77, புகுமுக வகுப்பு. அந்தக் காலத்துப் பி.யூ.சி. மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் போகிறவர்கள் எல்லாம் ரயில் மாறுகிற ஜங்ஷன் மாதிரி இங்கே ஒரு வருடம் நின்றுவிட்டுப் போவோம். ஆனால் நாற்பது வருடம் என் தொழிலுக்குக் கைகொடுத்த பாடத்தை நான் கற்றது இந்த ஜங்ஷனில்தான், விலங்கியல் ஆய்வுக்கூடத்தில்.

ஒருநாள் ஹைட்ராவின் குறுக்குவெட்டு ஸ்லைடு. மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் அழகாக வரைந்து, கலர் பென்சில் தீட்டி நீட்டினேன். சார் நோட்டைப் பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். "ஏண்டா, ஸ்லைடுல ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கே, உன் படத்துல எங்கே?" என்றார். "அது வேண்டாதது சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "இருக்கறதை எல்லாம் வரை. வேணும், வேண்டாம்னு நீ முடிவு பண்ணாதே" என்றார்.

இன்றைய பேச்சு அந்த ஒரு வரியைப் பற்றித்தான். மார்பகப் புற்றுநோய் ஸ்லைடுகளில் எங்கள் கண்ணெதிரே இருந்தும், "வேண்டாதது" என்று நாங்கள் ஒதுக்கிவிட்ட ஒரு கூட்டத்தைப் பற்றி.

என் வேலை என்ன என்று பலருக்குத் தெரியாது. நோயாளி எங்களைப் பார்ப்பதில்லை, நாங்களும் நோயாளியைப் பார்ப்பதில்லை. அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டி ஃபார்மலினில் மிதந்து எங்களிடம் வரும். அதிலிருந்து துண்டுகள் எடுத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, இரண்டு சாயம் போடுவோம். ஹீமடாக்சிலின் செல்லின் உட்கருவை நீலமாக்கும். இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். இரண்டுமே 19ஆம் நூற்றாண்டிலிருந்து புழக்கத்தில் உள்ள சாயங்கள். செலவு சொற்பம். உலகத்தில் எந்தச் சிறிய ஊர் லேப்பிலும் இது உண்டு.

அந்த ஸ்லைடில் நாங்கள் தேடுவது புற்றுச் செல்களை. எவ்வளவு கோணலாக இருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு மூன்று பரிசோதனைகள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2. முதல் இரண்டும் இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் பயன்படும். ஹெர்-2 மிகுதியாக இருந்தால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் 1987இல் காட்டினார்கள். அதற்கென்றே உருவான டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவைதான் பயோமார்க்கர்கள். அதாவது, நோய் எப்படிப் போகும், எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்கள்.

இந்த மூன்றுமே இல்லாத வகையும் உண்டு. மும்மை எதிர்மறை என்று சொல்லலாம்; டாக்டர்கள் டிரிபிள் நெகடிவ் என்பார்கள். மேலை நாடுகளில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்கு இந்த வகை. நம் நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது. இளம் வயதில் வருவது, முரட்டுத்தனமாக வளர்வது. ஹார்மோன் மாத்திரையும் கேட்காது, டிராஸ்டுசுமாப்பும் கேட்காது.

2003ஆம் வருடம் அப்படி ஒரு ஸ்லைடு என் மேஜைக்கு வந்தது. டிரிபிள் நெகடிவ் என்ற பெயர் அப்போது பரவலாகவில்லை. மூன்று கட்டத்திலும் "இல்லை, இல்லை, இல்லை" என்று எழுதினோம். நான் எழுதவில்லை, பக்கத்து மேஜை நண்பரை எழுதச் சொன்னேன். ஏனென்றால் அது என் அக்காவின் ஸ்லைடு.

எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். என்னைத் தூக்கி வளர்த்தவள். கட்டி இருப்பதை அவள் கண்டுபிடித்து ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "கல்யாணம் முடியட்டும், இப்ப சொன்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க" என்று இருந்துவிட்டாள். அந்தக் கல்யாணத்தில் நான் முன்நின்று பந்தி விசாரித்தேன். அக்கா இடது கையைச் சற்று ஒடுக்கியபடியே நடந்துகொண்டிருந்தாள். தினமும் புற்றுநோயைப் பார்க்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை. தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு வெட்கம். அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குக் கேள்வியே எழவில்லை.

அன்றிரவு எல்லோரும் போன பிறகு அந்த ஸ்லைடைத் தனியாகப் பார்த்தேன். புற்றுச் செல்கள் கூட்டம் கூட்டமாக. அவற்றைச் சுற்றி, இடையிடையே, சின்னச் சின்ன நீலப் புள்ளிகள், கடுகைக் கொட்டியது போல. லிம்போசைட்டுகள். நம் உடம்பின் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த வெள்ளணுக்கள். ரிப்போர்ட்டில் அதைப் பற்றி என்ன எழுதியிருந்தது? "லிம்போசைட்டுகள் காணப்படுகின்றன." அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுகளில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எத்தனை என்று எண்ணியதில்லை. எண்ண வேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை.

கேட்கவில்லை என்றால், யாருக்கும் தோன்றவில்லை என்று அர்த்தமல்ல. பழைய கதை இது. 1891இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர், எலும்புப் புற்றுநோயில் ஓர் இளம்பெண்ணைப் பறிகொடுத்துவிட்டு மனம் நொந்து பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டினார். கழுத்துக் கட்டி இருந்த ஒருவருக்கு அக்கி போன்ற கடுமையான தோல் தொற்றுக் காய்ச்சல் வந்து, அதன் பிறகு கட்டி மறைந்துபோயிருந்தது. உடம்பு காய்ச்சலோடு போராடும்போது புற்றையும் சேர்த்து அடிக்கிறதோ என்று கோலி யோசித்தார். அவரது சிகிச்சை நிலைக்கவில்லை, யோசனை நிலைத்தது. 1922இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மெக்கார்ட்டி, கட்டிக்குள் லிம்போசைட்டுகள் இருப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று எழுதினார்.

1949இல் மூர், ஃபுட் என்ற இருவர் மெடுல்லரி என்ற வகை மார்பகப் புற்றைப் பற்றி எழுதினார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பயங்கரமாக இருக்கும். ஆனால் அந்த நோயாளிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தார்கள். அந்தக் கட்டிகளைச் சுற்றி லிம்போசைட்டுகள் கோட்டைச் சுவர் போல நிற்கும். 1970இல் இங்கிலாந்தில் புளூம் என்பவரும் சகாக்களும் 1,411 நோயாளிகளை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், 104 பேருக்கு இந்த வகை. அவர்களும் மற்றவர்களைவிட நன்றாக வாழ்ந்தார்கள். ஆக, விஷயம் என் பி.யூ.சி. காலத்துக்கு முன்பே பத்திரிகையில் வந்தாயிற்று. நாங்கள்தான் "இது ஏதோ அபூர்வ வகை" என்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டோம்.

மாணவர்களுக்காக ஒரு உவமை. தெருவில் திருடன் புகுந்துவிட்டான். ஊர்ஜனம் கூடுகிறது. கம்போடு வந்து அடிக்கிறவர்கள் ஒரு வகை, அவர்கள் சி.டி.-8 என்ற டி செல்கள். "சரி விடுங்கப்பா, போதும்" என்று சமாதானம் பேசுகிற பெரியவர்கள் இன்னொரு வகை. அவர்கள் ஒழுங்குபடுத்தும் டி செல்கள். சாதாரண நாளில் அந்தப் பெரியவர்கள் ரொம்பத் தேவை. இல்லாவிட்டால் நம் படை நம்மையே அடிக்கும். திருடனும் லேசுப்பட்டவன் அல்ல. "நான் இந்த வீட்டு மாப்பிள்ளைங்க" என்று ஒரு சீட்டை எடுத்துக் காட்டுகிறான். கம்பு தாழ்ந்துவிடுகிறது. அந்தச் சீட்டுக்குப் பெயர் பி.டி.-எல்-1. அதைப் படித்துவிட்டுக் கம்பைத் தாழ்த்துகிற கண், டி செல்லின் மேலிருக்கும் பி.டி.-1. அந்தக் கண்ணுக்குரிய மரபணுவை 1992இல் கண்டெடுத்தது ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம். இதே போன்ற இன்னொரு தடையை ஆராய்ந்த அமெரிக்கரான ஜேம்ஸ் ஆலிசனுடன் 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். 2010இல் ஜெர்மனியில் கார்ஸ்டன் டென்கெர்ட் குழுவினர், அறுவைக்கு முன்பே கீமோதெரபி பெற்ற ஆயிரத்துச் சொச்சம் நோயாளிகளின் பயாப்ஸிகளை ஆராய்ந்தார்கள். லிம்போசைட்டுகள் நிறைந்த கட்டிகளில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் மருந்திலேயே முழுக்கக் கரைந்துபோயின. லிம்போசைட்டே இல்லாத கட்டிகளில் அப்படிக் கரைந்தவை ஒரு குழுவில் நூற்றுக்கு 3, இன்னொரு குழுவில் 7. 2013இல் ஆஸ்திரேலியாவின் ஷெரீன் லோய் குழுவினர், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய நோயுள்ள 2,009 பேரின் ஸ்லைடுகளைப் பார்த்தார்கள். மும்மை எதிர்மறை வகையில், சுற்றுத் திசுவில் லிம்போசைட்டுகள் ஒவ்வொரு 10 சதவீதம் கூடும்போதும் நோய் திரும்பும் ஆபத்து 15 சதவீதமும், இறப்பின் ஆபத்து 17 சதவீதமும் குறைந்தன.

எப்படி எண்ணுவது? ஆளுக்கொரு விதமாக எண்ணினால் குழப்பம். அதற்காக ஒரு சர்வதேசக் குழு கூடி 2014இல் விதிமுறை வகுத்தது. ஒவ்வொரு செல்லாக எண்ண வேண்டியதில்லை. கட்டியின் எல்லைக்குள், புற்றுச் செல்களுக்கு இடையே உள்ள திசுவின் பரப்பில், லிம்போசைட்டுகளும் அவற்றின் இனமான பிளாஸ்மா செல்களும் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று மதிப்பிட வேண்டும். அழுகிய பகுதியை விட்டுவிட வேண்டும். கூட்டம் அதிகமுள்ள ஒரு மூலையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல் முழுப் பரப்புக்கும் சராசரி சொல்ல வேண்டும். தேவையானது அதே பழைய ஸ்லைடு, அதே நீலம், அதே இளஞ்சிவப்பு. புது இயந்திரம் வேண்டாம். கூடுதலாக ஐந்து நிமிடமும், பொறுமையும் போதும்.

அந்த விதிமுறையைப் படித்த வாரம், 2015இல், என் மேஜை இழுப்பறையில் பன்னிரண்டு வருடமாகப் பஞ்சில் சுற்றி வைத்திருந்த ஸ்லைடை எடுத்தேன். விதிப்படி எண்ணினேன். இரண்டு நாள் கழித்து, முதல் எண்ணைப் பார்க்காமல் மறுபடி எண்ணினேன். இரண்டு முறையும் 40 சதவீதம்.

நல்ல எண் அது. அக்காவின் உடம்பு சும்மா இருக்கவில்லை. ஊர் கூடியிருக்கிறது, கம்போடு நின்றிருக்கிறது. ஆனால் அக்கா 2005ஆம் வருடம் தை மாதம் போய்விட்டாள். அக்குளில் எடுத்த 14 கணுக்களில் 9இல் நோய் பரவியிருந்தது. ஏழு மாதம். உள்ளே இருந்தவர்கள் நேரத்துக்கு வந்தார்கள். வெளியே இருந்த நாங்கள்தான் தாமதமாக வந்தோம்.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஏழு மாதம் இல்லாதிருந்தால் அக்கா இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு டாக்டராக நான் சத்தியம் செய்ய முடியாது. முன்கணிப்பு என்பது கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு. ஒரு ஆளுக்கு எழுதும் ஜாதகம் அல்ல. 2024இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கீமோதெரபியே பெறாத, ஆரம்பநிலை மும்மை எதிர்மறை நோயாளிகள் 1,966 பேர். அவர்களில் முதல் கட்ட நோயோடு, லிம்போசைட் 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தவர்களில், ஐந்தாண்டுக்குப் பிறகும் தொலை உறுப்புகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 94. அதே முதல் கட்டத்தில், 30 சதவீதத்துக்குக் குறைவாக லிம்போசைட் இருந்தவர்களில் நூற்றுக்கு 78. வித்தியாசம் பெரியது. ஆனால் கவனியுங்கள், நல்ல எண் இருந்தும் ஆறு பேர். குறைந்த எண் இருந்தும் எழுபத்தெட்டுப் பேர். அந்த ஆறில் ஒருத்திக்கு அவளுடைய துயரம் நூற்றுக்கு நூறுதான். புள்ளியியல் படிக்கிற மாணவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அந்த எண்களில் இருக்கிறது. முதல் கட்டம் என்ற வார்த்தை. கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தவர்களுக்குத்தான் லிம்போசைட் இவ்வளவு நல்ல சேதி சொல்கிறது. 2019இல் 2,148 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோதும் அப்படித்தான். கணுக்களுக்குப் பரவாமல், லிம்போசைட் 30 சதவீதத்துக்கு மேல் இருந்து, கீமோதெரபியும் பெற்றவர்களில் மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 99 பேர். படையும் வேண்டும், நேரமும் வேண்டும்.

இனி, எல்லை தாண்டிப் பேசாமல் இருக்க நான்கு எச்சரிக்கைகள்.

முதலாவது, இந்தக் கணக்கு எல்லா மார்பகப் புற்றுக்கும் ஒன்றல்ல. மும்மை எதிர்மறையிலும் ஹெர்-2 வகையிலும் லிம்போசைட் கூடுதல் நல்ல அறிகுறி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத வகையில் அப்படி இல்லை. 2018இல் வெளியான 3,771 நோயாளிகளின் தொகுப்பில், அந்த வகையில் லிம்போசைட் கூடக் கூட ஆயுள் சற்றுக் குறைவாகவே இருந்தது. வீட்டு வாசலில் கூட்டம் கூடினால் கல்யாணமாகவும் இருக்கலாம், சண்டையாகவும் இருக்கலாம். எந்த வீடு என்று தெரிந்துதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பி.டி.-எல்-1 சோதனை. திருடனின் சீட்டைக் கிழிக்கிற மருந்துகள் வந்துவிட்டன. பெம்ப்ரோலிசுமாப் அதில் ஒன்று. பரவிவிட்ட மும்மை எதிர்மறை நோயில், பி.டி.-எல்-1 மதிப்பெண் 10க்கு மேல் இருந்தவர்களுக்குக் கீமோவுடன் இதையும் சேர்த்தபோது சராசரி ஆயுள் 16 மாதத்திலிருந்து 23 மாதமானது. ஆரம்பநிலை நோயிலோ, பி.டி.-எல்-1 இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த மருந்தால் பலன் தெரிந்தது. அதனால் அங்கே அந்தச் சோதனை பார்த்து முடிவு செய்வதில்லை. இதே இனத்தைச் சேர்ந்த அடிசோலிசுமாப்புக்கு 2019இல் மார்பகப் புற்றுக்காக அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது. அடுத்து நடந்த சோதனை தோற்றதும் 2021இல் கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றது. இந்த மருந்துகள் பலருக்கு எட்டாத விலை. கட்டவிழ்ந்த படை சில சமயம் தைராய்டு, குடல், நுரையீரல் என்று சொந்த உறுப்புகளையே தாக்கும். ஆகவே, "எதிர்ப்பு சக்தி ஊசி இருக்காமே, போட்டுவிடுங்க" என்று சொல்லுகிற விஷயமல்ல.

மூன்றாவது, ரத்தப் பரிசோதனை. சென்ற வருடம் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியின் ரிப்போர்ட்டோடு ஓடி வந்தார். "சார், நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால வகுத்தா நாலுக்கு மேல வருது. ஆபத்துன்னு யாரோ சொல்றாங்க" என்றார். அந்த விகிதம் கூடுதலாக இருந்தவர்களுக்கு நோயின் போக்கு சற்று மோசம் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் ஒரு ஜலதோஷம், ஒரு பல்வலி, ஒரு ஸ்டீராய்டு மாத்திரை போதும், அந்த எண் ஏறிவிடும். எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் அதற்குக் கிடையாது. அதை வைத்துச் சிகிச்சையை மாற்றுவதில்லை. விசாரித்தால் அந்த அம்மாவுக்கு அன்று தொண்டைப் புண்!

நான்காவது, "லிம்போசைட் கூட என்ன சாப்பிடலாம் டாக்டர்?" இந்தக் கேள்வி வராத கூட்டம் இல்லை. கட்டிக்குள் லிம்போசைட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நிரூபிக்கப்பட்ட கஷாயமோ, லேகியமோ, பழச்சாறோ கிடையாது. நன்றாகச் சாப்பிடுங்கள், நடங்கள். ஆனால் அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். அதேபோல், லிம்போசைட் நிறைய இருக்கிறது என்பதற்காகக் கீமோ வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். யாருக்குச் சிகிச்சையைக் குறைக்கலாம் என்பது ஆய்வில்தான் இருக்கிறது.

பிறகு இந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இன்றைக்கு, நோயாளிக்கும் டாக்டருக்கும் நிலைமையை இன்னும் சரியாகச் சொல்ல உதவுகிறது. நாளைக்கு, தேவையில்லாத மருந்திலிருந்து சிலரைக் காப்பாற்றலாம். ஸ்லைடு பழையது, சாயம் மலிவு என்பதால் இந்த அறிவு ஏழைக்கும் எட்டும். விலையுயர்ந்த மரபணுச் சோதனைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே, உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்து, ரிப்போர்ட்டில் மூன்றும் இல்லை என்று இருந்தால், "லிம்போசைட் எத்தனை சதவீதம்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால்தான் எழுதுவார்கள். நான் எழுதாமல் இருந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கணினி படிக்கிற பிள்ளைகளே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் 20 என்பார், ஒருவர் 35 என்பார். படமாக்கிய ஸ்லைடில் செல்களை இயந்திரமே எண்ணுகிற முயற்சிகள் உலகமெங்கும் நடக்கின்றன. அதில் சேருங்கள். ஆனால் கிழிந்த ஓரத்தையும் இயந்திரத்துக்குக் காட்டுங்கள். "வேண்டாதது" என்று நீங்களே முடிவு பண்ணிவிடாதீர்கள்.

இனி கடைசி விஷயம். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நம் நாட்டில் ஒரே வருடத்தில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தார்கள். நம் பெண்கள் பலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். நோய் முன்கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களில் இறப்பு குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே எதையும் மந்திரக்கோல் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையும், கண்ணும், நேரமும் உயிர் காக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சென்னை அடையாறில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்குக் காரணமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்து அவர் ஒரு மருத்துவமனையையே கட்டினார். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. அக்காவை இழந்த நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: 2015க்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, என் கையெழுத்தோடு போன ஒவ்வொரு மார்பக ரிப்போர்ட்டிலும் அந்தச் சதவீதத்தை எழுதினேன். "இது எதுக்கு சார்?" என்று அறுவை மருத்துவர்கள் கேட்டார்கள். பிறகு அவர்களே, "சார், இந்த ரிப்போர்ட்ல அதை விட்டுட்டீங்களே" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம், அக்காவிடம், அத்தையிடம் கேளுங்கள். பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "மார்புல ஏதாவது கட்டி தெரியுதா? வலியில்லாட்டியும் சொல்லும்மா. டாக்டர்கிட்ட போகலாம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது வெட்கமாக இருக்கும். அம்மா, "போடா, வேலையைப் பாரு" என்பார்கள். பரவாயில்லை, இரண்டாம் தடவையும் கேளுங்கள். உடம்புக்குள் இருக்கிற படை அதன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. நாம்தான் போய்ச் சேர வேண்டும்.

பசி வந்துவிட்டது என்று தெரிகிறது. பாயசம் காத்திருக்கிறது. "கிழிசல் எங்கே?" என்று கேட்ட என் சாருக்கு நன்றி.